பச்சைச் சட்டைப் பட்டதாரிகள்

சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் ரயிலில் ஆத்தூர், தலைவாசல், மேல்நாரியப்பனூர் தாண்டினால் சின்னசேலம். வடமேற்கே கல்வராயன் மலை நீலமாகப் படுத்துக் கிடக்கிறது. ஊரைச் சுற்றி மக்காச்சோளக் கொல்லைகள். சோளம் விளைகிற சீமையில் கிளிக்கா பஞ்சம்?

கிளியின் புத்தி என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது கிளி ஜோசியந்தான். கூப்பிட்டதும் கூண்டை விட்டு வரும்; சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளும்; ஒன்றைக் கொடுத்துவிட்டு, நெல்மணியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். சீட்டில் இருப்பது முருகனா, சனீசுவரனா என்று அதற்குத் தெரியாது. நெல் எப்போது கிடைக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்! பக்கத்துக் கடலூர் ஜில்லாவில், 2024 தேர்தலின்போது, ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று ஒரு கிளி சீட்டெடுத்துக் கொடுத்தது. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாயிற்றே! வனத்துறையினர் வந்து கிளியைக் கொண்டுபோய்விட்டார்கள். வேட்பாளரும் தோற்றார்.

சீட்டெடுப்பது கிளிக்கு அரிச்சுவடிப் பாடம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அம்மையார் 1977-ல் அலெக்ஸ் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை வாங்கினார். கிளியின் எதிரே இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் சரியாகச் சொல்லிப் பரிசு வாங்குவார். பார்த்துக்கொண்டிருக்கும் கிளிக்குப் பொறுக்குமா? தானும் சொல்லத் தொடங்கிவிடும்! 2007-ல் இறப்பதற்குள் அலெக்ஸ் நிறமும் வடிவமும் சொல்லி, ஆறு வரை எண்ணவும் கற்றிருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலோ, குப்பைத் தொட்டியின் மூடியைத் திறக்கும் வித்தையை ஒரு காக்கட்டூவைப் பார்த்து மற்றொன்று கற்று, பேட்டை பேட்டையாகப் பரப்பிவிட்டன.

வாத்தியார் இல்லாமலே படிக்கும் கிளிகளைச் சின்னசேலத்துக் கொல்லையில் பார்த்தேன்.

"பொம்மை நட்டேன், தம்பி. ரெண்டு நாள் பயந்துச்சு. மூணாம் நாள் பொம்மை தலையிலேயே குந்திக்கிட்டுக் கதிரைக் கொத்துது" என்றார் கொல்லைக்காரப் பெரியவர். "மினுக்கு நாடா கட்டினேன். அதுக்கு நாலு நாள். தகரம் தட்டினா பறக்குது. அதுவும் நான் தட்டணும். பேரன் தட்டினா மதிக்கறதே இல்லை!"

கோபம் பாதி, பெருமை பாதி. ஆனால் நஷ்டம் முழுக்க அவருடையது. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் காலையும் மாலையும் கூட்டமாக இறங்கினால் ஓரத்து வரிசைகள் போயே போய்விடும். பிடித்து விற்கவும் கூடாது, கொல்லவும் கூடாது.

"பின்னே என்னதான் செய்வீர்கள், ஐயா?"

"அது ஒண்ணு படிச்சா நான் ஒண்ணு மாத்தணும்" என்றார். பொம்மையை இப்போது தினம் ஓர் இடத்தில் நடுகிறாராம். ஓரத்துக் கதிர்கள் மேல் அந்தந்தச் செடியின் பச்சை இலையையே சுற்றிக் கட்டியிருந்தார். கதிர் மறைந்திருக்கும் வரை கிளி ஏமாறும் என்பது அவர் கணக்கு. அறுவடைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு கிளி வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து அந்த இலைக் கட்டைச் சற்று நேரம் பார்த்தது. பெரியவர் மெல்லத் தகரத்தைக் கையில் எடுத்தார்.