மேலூர் சாலையும் வீட்டுக் குடிலும்

மதுரை மாட்டுத்தாவணியில் மேலூர் பேருந்தில் ஏறினால், உத்தங்குடியும் உயர் நீதிமன்றக் கிளையும் தாண்டி ஒத்தக்கடை வருவதற்கு முன்பே ஆனைமலை கண்ணை நிறைத்துவிடும். அதன் அடிவாரத்தில், நரசிங்கத்தில், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. கி.பி. 770இல் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி அதைத் தொடங்கினார். அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் முடித்தார். இதை அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. ஆனால் மதுரைக்கு வந்து திரும்புகிறவர்களின் கைப்பேசியைத் திறந்தால் மீனாட்சியம்மன் கோயில் கோபுரம் இருக்கும், திருமலை நாயக்கர் மகாலின் தூண் இருக்கும், தெப்பக்குளத்து மைய மண்டபம் இருக்கும், ஆனைமலை அபூர்வம். அந்த மூன்றையும் எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்குப் படம் குறைவில்லை என்கிறேன். பேருந்துச் சன்னல் வழியே எடுத்த மலை, தண்ணீர் கிடக்கிற கண்மாய், டிசம்பரில் வீட்டு முன்னறையில் வைத்த கிறிஸ்துமஸ் குடில் போன்றவற்றுக்குத்தான் படம் இல்லை. இந்த வட்டாரத்தின் உண்மையான ஆவணம் இத்தகைய சாதாரணப் படங்களே என்பதும், அவற்றை ஊரும் தேதியும் எழுதிப் பிறருக்குக் கொடுப்பது நம் பொறுப்பு என்பதும் என் கட்சி.

மதுரையைப் புகைப்படத்தில் பதிவு செய்த முன்னோடிகளில் முக்கியமானவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட அவர், 1858இல் மதுரைக்கு வந்தார். மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ்களில் மீனாட்சியம்மன் கோயில், புது மண்டபம், தெப்பக்குளம், இடிபாடாகக் கிடந்த திருமலை நாயக்கர் மகால் எல்லாவற்றையும் எடுத்தார். அதே ஆண்டு அவை தொகுதிகளாக வெளிவந்தன. மகாலைப் பழுதுபார்க்கும் வேலை 1866க்குப் பிறகு, நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது நடந்தது. அதற்கு முன் கட்டடம் எந்த நிலையில் இருந்தது என்பதை இன்று நாம் கண்ணால் பார்க்க முடிவதற்கு டிரைப்பின் படங்களே காரணம். ஒரு படத்தின் பயன் எடுத்த அன்று தெரிவதில்லை, படத்தில் உள்ளது மாறிய பிறகே தெரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் அந்தத் தொகுதிகளில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். மனிதர் மிகக் குறைவு. வீட்டு உள்ளறை இல்லை, அடுப்படி இல்லை. வானம் வெளிறிப்போன இடங்களில் அவர் நெகட்டிவ் மேல் வண்ணம் தீட்டி மேகம் வரைந்ததும் உண்டு. அரசு அனுப்பிய புகைப்படக்காரர் அரசு கேட்டதை எடுத்தார், அதில் குற்றமில்லை. மற்றதை எடுக்க வேண்டியவர்கள் அந்த ஊரில் வாழ்ந்தவர்கள். அன்று அவர்களிடம் கேமரா இல்லை. இன்று எல்லாரிடமும் இருக்கிறது.

இந்த மண்ணில் மாறாதது என்று நம்பப்பட்டவை குன்றுகள். அந்த நம்பிக்கையும் நம் காலத்தில் போய்விட்டது. மேலூர், கீழவளவு, கீழையூர் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டன. 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை அனுப்பினார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. பணத்தின் கணக்கு இப்படி ஆவணத்தில் ஏறிவிட்டது. அறுபடுவதற்கு முன் ஒரு குன்று எந்த வடிவில் நின்றது, அதன் மழைநீர் எந்த ஓடை வழியாக எந்தக் கண்மாய்க்குப் போனது என்ற கணக்கு எங்கே இருக்கும்? யாரோ வயல் வரப்பில் நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படத்தின் பின்னணியில் இருக்கலாம். அது எந்த ஊர், எந்த ஆண்டு என்று பின்புறம் எழுதியிருந்தால்தான் அது சாட்சி. எழுதாவிட்டால் அது வெறும் மலை.

ஆனைமலைக்கும் அந்தக் கதி வரப் பார்த்தது. 2010இல் அந்த மலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சூழலில் பிறந்ததுதான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை. கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையருகே நின்று வரலாறு சொல்ல, கேட்க வந்தவர்கள் படம் எடுத்துப் பகிர்ந்தார்கள். சமணர் படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டுகளும் ஆய்வு நூல்களிலிருந்து வீட்டுக் கூடங்களுக்கு வந்தது அப்படித்தான். மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கி மக்கள் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ரத்து செய்ய வைத்தது மக்கள்தான், படங்கள் அல்ல. இதில் மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அரிட்டாபட்டியை அதுவரை பெயரளவில்கூட அறியாத ஒருவர் அதற்காகப் பேசினார் என்றால், அங்கே குடைவரையும் ஏரியும் நெல்வயலும் இருப்பதை அவர் எங்கோ பார்த்திருக்க வேண்டும். முன்பின் பாராத மலைக்காக யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள்.

குன்றையும் குடிலையும் ஏன் ஒரே மூச்சில் பேசுகிறேன் என்று கேட்கலாம். காரணம் விளாச்சேரியில் இருக்கிறது. திருப்பரங்குன்றத்தை ஒட்டிய அந்த ஊரில் மண்பாண்டக் கலைஞர்கள் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்வார்கள். அது முடிந்த கையோடு டிசம்பருக்கு மாதா, சூசையப்பர், குழந்தை இயேசு, மூன்று ராஜாக்கள், இடையர், சம்மனசு (வானதூதர்) என்று குடில் பொம்மைகள் செய்வார்கள். பொம்மைக்கான களிமண் கண்மாயிலிருந்து வருகிறது. ஆகவே ஒரு கண்மாய் கெட்டால் அதன் சேதம் வயலோடு நிற்காது, ஒரு கத்தோலிக்க வீட்டின் கிறிஸ்துமஸ் வரை போகும். மதுரையின் கிறிஸ்தவ வரலாறு எழுதப்பட்டிருக்கிறது: 1606இல் வந்த ராபர்ட் டி நொபிலி, 1834இல் தொடங்கிய அமெரிக்க மிஷன், கீழவெளி வீதியின் மரியன்னை பேராலயம், அமெரிக்கன் கல்லூரி. ஆனால் வீட்டுக்குள் அந்தப் பண்டிகை எப்படி நடந்தது என்பது எந்த மிஷன் அறிக்கையிலும் முழுமையாக வராது. வைக்கோல் வேய்ந்த கூரை, மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டிக் கட்டிய நட்சத்திரம், அது போய் வந்த பிளாஸ்டிக் நட்சத்திரம், மண் பொம்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் பிளாஸ்டர் பொம்மை, விலை ஏறிய மார்கழியிலும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்து மாதாவுக்குச் சூட்டிய மல்லிகை. இத்தனையும் மூன்று ராஜாக்கள் திருநாளோடு பிரிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போய்விடும். கோயில் கல்லில் நிற்கிறது. குடில் ஆண்டுக்கு ஆண்டு கலைந்து போகிறது. கலைவதற்குத்தான் படம் முதலில் வேண்டும்.

படங்கள் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கின்றன, இன்னும் எதற்கு என்பது எதிர்வாதங்களில் வலுவானது. கொட்டிக் கிடப்பது உண்மை. தங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. வாட்ஸ்அப்பில் வைக்கும் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிப் போவதோடு, எடுத்த நாளும் இடமும் உள்ளே பதிந்திருந்த தகவலையும் இழந்துவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்பினால்தான் அது மிஞ்சும். பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்கள் குப்பைக்குப் போவதைக் கண்டுதான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்து மின்படியாக்கியது. ஒரு காலத்தில் அவையும் கொட்டிக் கிடந்தவைதான். பெருக்கம் பாதுகாப்பாகாது; நாலு வார்த்தைக் குறிப்போடு இருக்கும் பத்துப் படம், குறிப்பில்லாத பத்தாயிரத்தைவிட மேல்.

பகிர்வதால் இடம் கெடுகிறது என்பவர்களுக்கு நான் பாதி உடன்படுகிறேன். சமணர் படுக்கைகளின் மேல் பெயர் கீறியிருப்பதைப் பார்த்தவர் எவருக்கும் அந்தக் கோபம் வரும். அரிட்டாபட்டிப் பாறைகளில் வல்லூறுகளும் கழுகுகளும் வாழ்கின்றன. அவற்றின் கூடு எந்த இடுக்கில் என்று படத்தோடு வழியும் சொல்வது தவறு. மலையைக் காட்டலாம், கூட்டைக் காட்ட வேண்டாம். வீட்டுப் படத்துக்கும் இதே அளவுகோல்தான்: குடிலைக் காட்டலாம், குழந்தைகளின் முகத்தையும் வீட்டு முகவரியையும் ஊருக்கெல்லாம் காட்டத் தேவையில்லை. பெரியவர்கள் படத்தில் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டே வெளியே விட வேண்டும். இந்த எச்சரிக்கைகள் எப்படிப் பகிர்வது என்பதற்கான விதிகள். பகிராமல் இருப்பதற்கு இவை காரணமாகா. கீறல் விழுந்த கல்வெட்டைக்கூட, கீறலுக்கு முன் யாராவது எடுத்த படத்தை வைத்துத்தான் நாளை ஒருவர் படிக்கப் போகிறார்.

இந்த டிசம்பரில் வீட்டில் குடில் கட்டுகிறவர்கள், பிரிப்பதற்கு முன் அதை ஒரு படம் எடுங்கள். பொம்மை எங்கே வாங்கியது, நட்சத்திரத்தை யார் கட்டியது என்று கீழே எழுதுங்கள். மேலூர் சாலையில் பயணம் போகிறவர்கள் ஆனைமலையையும், அதைத் தாண்டி வரும் ஒவ்வொரு குன்றையும், கண்மாயையும், ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து எடுத்துவையுங்கள். ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சிட்டு வீட்டில் வையுங்கள். இன்னொன்றை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ கொடுங்கள்.