பூவரசம் பீப்பீ ஊதத் தெரியுமா? நீங்களும் மரம் சொல்லித்தரலாம்!

கோட்டூர்புரத்தில், அடையாறு ஆற்றங்கரையை ஒட்டி ஒரு குட்டிக் காடு இருக்கிறது. ஒருகாலத்தில் குப்பை கொட்டிக் கிடந்த அரசு நிலம் இது. 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பு 2006-ல் இங்கே மரக்கன்றுகளை நடத் தொடங்கியது. இன்று கோட்டூர்புரம் மரப்பூங்கா என்றால் சென்னையில் பலருக்கும் தெரியும். குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, களை பிடுங்கி இதை வளர்த்ததில், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்த தன்னார்வலர்களுக்குப் பெரிய பங்குண்டு.

2005-ல் தொடங்கிய நிழல், 'ட்ரீ வாக்' எனப்படும் மர நடைகளையும் நடத்திவருகிறது. தெருவிலும் பூங்காவிலும் மரங்களை அடையாளம் காட்டியபடியே கூட்டிச்செல்வார்கள். 'இதுக்கெல்லாம் தாவரவியல் படிச்சிருக்கணுமே' என்று தயங்குபவர்கள் அதிகம். ஆனால், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடக்க அதைவிட முக்கியமாகப் பழக வேண்டியது வேறு: நாம் பேசுவதைக் குறைத்து, அவர்கள் கைக்கு வேலை கொடுப்பது.

கைதான் முதல் பாடப்புத்தகம்

பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு நுனியை நசுக்கி ஊதினால் பீப்பீ! தாத்தா, பாட்டிகளுக்கு இது தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊதி முடித்ததும், ஓர் அரச இலையைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் இதய வடிவம்தான். ஆனால் அரச இலைக்கு மட்டும் வால் போல நீண்ட நுனி. இந்த வித்தியாசத்தைத் தானே கண்டுபிடித்த குழந்தை பிறகு மறக்காது. பூவரசம் பூ காலையில் மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவக்கும். அதைப் பார்க்க சாயங்காலம் இன்னொரு முறை வரச்சொன்னால், அதுவே வீட்டுப்பாடம்.

வேப்பிலையையும் நொச்சி இலையையும் கசக்கி, கண்ணை மூடி முகர்ந்து பார்க்கச் சொல்லலாம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நூலைச் சுற்றி மரத்தின் சுற்றளவை அளக்கலாம். இரண்டே விதிகள்: உதிர்ந்த இலை கிடைத்தால் மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. பெயர் தெரியாத மரம் வந்தால், வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் 'தெரியலை, சேர்ந்து தேடுவோம்' என்று சொல்லிவிட வேண்டும்.

மயிலாப்பூர் முதல் அடையாறு வரை

மயிலை கபாலீஸ்வரர் கோயிலின் தலமரம் புன்னை. பார்வதி மயிலாக வந்து பூஜித்தது இந்த மரத்தடியில்தான் என்கிறது தலபுராணம். கதை சொன்ன கையோடு, புன்னை உப்புக்காற்றைத் தாங்கும் கடலோர மரம் என்பதையும் சொன்னால், கடலுக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளே யோசிப்பார்கள்.

தி.நகர் பக்கம் போனால் தூங்குமூஞ்சி மரத்தைத் தேடுங்கள். மாலையில் இலைகளை மூடிக்கொள்ளும் அந்த மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அடையாறு பிரம்மஞான சபையின் பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989 புயலில் சாய்ந்துவிட்டது. விழுதுகள் நிற்பதால் மரம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

ஏன் இதெல்லாம்?

2016 டிசம்பர் 12. வர்தா புயல் வீசிய அந்த ஒரே நாளில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. சாய்ந்தவற்றில், அழகுக்காக வைத்த குல்மோகர் போன்ற வெளிநாட்டு மரங்கள் நிறைய. அடிமரம் வரை சிமென்ட் பூசிவிட்டால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் எப்படிப் போகும்? மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்கு கான்கிரீட் இருக்கக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி வழக்கு ஒன்றில் 2013-லேயே உத்தரவிட்டது. நம் தெருவில் அப்படி இருக்கிறதா என்று டேப்பைப் பிடித்து அளக்க பத்து வயதுப் பிள்ளையே போதும்.

பெயர் தெரியாத மரத்தை வெட்டினால், மறுநாள் வெயில் உறைக்கும்போதுதான் நமக்கே தெரியும். பீப்பீ ஊதிய மரத்தின் மேல் கோடரி விழுந்தால், 'ஏன் வெட்டுறீங்க?' என்று கேட்க அந்தக் குழந்தை இருக்கும். கூடவே நாலு பேரையும் கூட்டிவரும்.

இந்த ஞாயிறு உங்கள் தெருவில் மூன்று மரங்களைத் தேர்ந்தெடுங்கள். பெயர், இலை, அடியில் மண்ணா, சிமென்டா, ஆணி அடித்திருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம்!