இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

சாதாரண தரப் பெறுபேறு வெளியான மறுநாள் காலை எங்கள் கணினி அறையில் இணையம் செத்துக் கிடந்தது. கெடுத்தவன் நான். பேச்சு வாங்கியவன் ஒரு பதினான்கு வயதுப் பையன்.

வஹகோட்டையில் அந்தோனியார் கோயிலுக்குப் போகிற பாதையில் இருந்தது அந்த அறை. ஊர்க்காரர் நாலைந்து பேர் சேர்ந்து போட்டது. 'இ-ஸ்ரீலங்கா' திட்டத்தில் அரசாங்கம் ஊரூராகத் திறந்த நெனசல நிலையங்களைப் பார்த்து வந்த ஆசை. நெனசலவுக்குப் பின்னர் 2014இல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் 10 இலட்சம் டொலர் பரிசே கிடைத்தது. எங்களுக்குக் கிடைத்தது ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்ட ஆறு கணினிகளும் எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றும்தான்.

பிள்ளைகளுக்கு வயர் முனை அடிக்கக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பார்கள். "நெட் நின்றால் முதலில் லைட்டைப் பாருங்கள்" என்பது என் ஓயாத உபதேசம்.

முதல்நாள் இரவு அறையைப் பெருக்கினேன். திருத்தக் கொடுத்த கணினியின் வயர் தரையில் கிடந்தது. கால் தடுக்குமே என்று அதன் முனையைத் தூக்கி, சுவிட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டுப் பூட்டிக்கொண்டு போனேன். மற்ற முனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது.

காலையில் வாசல் நிறையப் பிள்ளைகளும் அம்மாமாரும். எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் வந்திராத காலம். ரவுட்டரை மூன்று தரம் அணைத்துப் போட்டேன், தொலைபேசிக் கம்பனிக்கு இரண்டு தரம் எடுத்துச் சத்தம் போட்டேன். பிறகு கண் அந்தப் பையன் மேல் விழுந்தது. முதல்நாள் கடைசியாக இருந்தவன் அவன். பென் டிரைவில் கேம் கொண்டு வருகிறவன். "நீ வைரஸ் ஏற்றிவிட்டாய்" என்றேன், அத்தனை பேர் முன்னால். அவன் வாயைத் திறக்கப் போனான். "பேசாதே" என்றேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பின்னேரம் ஆளில்லாத அறையில்தான் சுவிட்சைப் பார்த்தேன். வழக்கமாக ஒவ்வொரு லைட்டும் தன்பாட்டுக்கு மினுக்கும். அன்று எல்லாம் ஒரே தாளத்தில், திருவிழா மின்குமிழ் மாதிரி அடித்தன. வயரைப் பிடுங்கினேன். சில விநாடிகளில் அடங்கியது. இப்படி வளையம் விழுந்தால், 'எல்லாருக்கும்' என்று ஒரு கணினி அனுப்பும் தகவல் சாகாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, வேறெதற்கும் வழிவிடாது. வளையத்தைக் கண்டு தானாகவே ஒரு வழியை அடைக்கிற முறையை ரேடியா பெர்ல்மன் என்ற பெண் பொறியியலாளர் 1985இலேயே வகுத்துவிட்டார். எங்கள் மலிவுப் பெட்டியில் அது இல்லை. அதற்குப் பெட்டியைக் குறைசொல்லி என்ன?

கேட்டவர்களிடம் "லைன் சரிவந்துவிட்டது" என்றேன். பொய்யுமில்லை, உண்மையுமில்லை. பையன் அதன்பிறகு வரவில்லை. அவன் வீடு எனக்குத் தெரியும். போகவில்லை.

ஜூன் 13, அந்தோனியார் திருநாள். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் என்று சனம் நம்பும் புனிதர். கோயில் வளவில் அவனே எதிரில் வந்தான். கூட்டத்துக்குள் நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சேர்," என்றான். "நீங்கள் ஏசும்போதே சுவிட்சைப் பார்த்தேன். எல்லா லைட்டும் ஒன்றாக அடித்தது."

"ஏன் சொல்லவில்லை?"

"பேசாதே என்றீர்களே."

அவன் அம்மா கூப்பிட்டார். மெழுகுவர்த்தி வரிசைக்குள் போய்விட்டான்.