கையைக் குடு கண்ணு

எண்ணெய்த்தோணி என்று கேரள வைத்தியர்கள் சொல்வது ஒரு நீண்ட மரப்பலகை. விளிம்பை உயர்த்தி, வழிகிற எண்ணெய் கால்மாட்டில் வந்து சேரும்படி லேசாகக் குழித்திருப்பார்கள். அதில் மல்லாந்து கிடந்தேன். எண்ணெய் தேய்த்து உழிச்சில் செய்ய வந்த அக்கா என் வலது கையை மணிக்கட்டிலும் முழங்கையிலும் ஏந்திக்கொண்டு சும்மா நின்றார்.

"கையை எங்கிட்டக் குடு கண்ணு."

"குடுத்துட்டேங்க்கா."

"எங்க குடுத்தே? நீயேதான தூக்கிட்டு இருக்கறே."

தன் கைகளை மெல்ல விலக்கிக்கொண்டார். என் கை விழவில்லை. யாரும் தூக்கச் சொல்லாத கை அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. வெளியே கர்க்கடக மழை ஓட்டில் இரைந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

நான் போடிநாயக்கனூர்க்காரி, பள்ளி ஆசிரியை. எட்டு மாதமாகக் கரும்பலகையின் மேல்பாதியில் எழுத முடியவில்லை, தலைக்குப் பின்னால் கை போகவில்லை, கொண்டை போட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்றார் எலும்பு மருத்துவர். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதிகம் வருமாம். விடாமல் பயிற்சி செய்ய வேண்டும். 1 ஆண்டிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் இளகிவிடும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். காத்திரு என்று சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு மாதம் பயிற்சி செய்தேன், வலியில் விட்டுவிட்டேன். உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுக்கு வைத்தியத்துக்குப் போய்வரச் சொன்னார்.

நம்பிக்கையோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் தேய்க்கப் பாலக்காட்டுக்கா போக வேண்டும்? என் அப்பாயி சனிக்கிழமைதோறும் உச்சியில் வைத்துத் தட்டாத எண்ணெயா? கேரள வைத்தியம் வெள்ளைக்காரர்களுக்காகக் கடை விரித்தது என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. கொல்லங்கோட்டிலேயே பழைய அரச குடும்பத்தின் கோவிலகம் ஒன்று இன்றைக்கு ஆயுர்வேத விடுதியாக இருக்கிறது. நான் போனது நாலே அறை உள்ள ஓட்டு வீடு. பின்வாசலில் நின்றால் வயல், அதைத் தாண்டிப் பனைகள், அதற்கும் அப்பால் நெல்லியாம்பதி மலை. மழை விடும்போதெல்லாம் மலைமேல் வெள்ளைக் கோடாக அருவி தெரியும்.

இங்கே கர்க்கடகம் என்றால் நமக்கு ஆடி. எங்கள் பக்கம் ஆடி என்றால் அம்மனுக்குக் கூழ், காற்று, விதைப்பு. இங்கே அது பஞ்ச மாதம். நடவு முடிந்து, மழையில் வேறு வேலையில்லாமல், குதிரும் காலியாகிக் கிடந்த காலம். வேலையில்லாத அந்த ஒரு மாதத்தை உடம்புக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஈரத்தில் உடம்பு இளகிக் கொடுக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும் என்பது வைத்தியர் சொன்ன காரணம். உடம்புக்கு ஒரு பருவம் உண்டு என்று யோசித்த ஊரின் மேல் எனக்கு மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

இரவில் கஞ்சி. நவரை அரிசியும் வெந்தயமும் சீரகமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்தது. பலா இலையை மடித்து ஈர்க்குக் குத்திக் கரண்டியாகத் தருவார்கள். முதல் வாயிலேயே கசந்தது, உப்பும் இல்லை. எங்களுக்கு நவரை என்றால் நெல்லில் ஒரு பட்டம். இங்கே அது தனி நெல். 60 நாள் சுமாருக்கு விளைவதால் வடமொழியில் 'ஷஷ்டிகம்' என்று பெயர். பாலக்காட்டு நவரைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அதே அரிசியைப் பாலிலும் குறுந்தோட்டி வேர்க் கஷாயத்திலும் குழைய வேகவைத்துத் துணியில் கிழி கட்டி, சூடாக உடம்பில் உருட்டுவார்கள். இரவு வயிற்றுக்குள் போன சோறு காலையில் தோள்மேல் ஊர்ந்தது. நாலாம் நாளிலிருந்து கசப்பு தெரியவில்லை.

ஆறாம் நாள் சண்டை வந்தது. 14 நாள் சிகிச்சை முடிந்ததும் இன்னொரு 14 நாள் 'நல்லரிக்க' இருக்க வேண்டும் என்றார் வைத்தியர். நல்ல இருக்கை என்பதுதான் நாக்கில் உருண்டு அப்படி ஆகியிருக்க வேண்டும். பத்தியம் தொடரும். வெயில், காற்று, அலைச்சல் கூடாது. பகலில் தூங்கவும் கூடாது. எனக்கு எரிச்சல் பொங்கியது.

"இதெல்லாம் வசதி இருக்கிறவங்களுக்குத்தாங்க. எங்கம்மாவுக்கு 66 வயசு. இன்னும் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போறாங்க. சும்மா இருன்னு அவங்ககிட்ட இன்னைக்கு வரைக்கும் யாரும் சொன்னதில்ல."

வைத்தியர் குரலை உயர்த்தவில்லை. "ஆரும் பறஞ்சில்லெங்கில் நீ பறயணும்," என்றார். யாரும் சொல்லவில்லையென்றால் நீ சொல்ல வேண்டும் என்று.

எழுந்து அறைக்குப் போய்விட்டேன். அன்று மதியம் அவரோடு பேசவில்லை. அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாரே என்ற கோபம். என் ஊரிலிருந்து விடிவதற்குள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 வளைவுகளைக் கடந்து, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் கூலிக்குப் போகிற பெண்களை அவர் பார்த்திருக்க மாட்டார். 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. வேலைக்குப் போகிற கால்கள் நிற்கவில்லை. ஏலக்காய் செடியின் அடியில், மண்ணோடு படர்ந்த சரத்தில் காய்க்கும். குனிந்தோ குந்தியோதான் எடுக்க வேண்டும். கர்க்கடகத்தில் பாலக்காட்டு வயல் ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் இடுக்கி மலையில் காயெடுப்பு தொடங்கும். ஒரே மாநிலம், ஒரே மழை. என் அம்மாவுக்கு அந்த மாதம் கிடைத்ததே இல்லை.

உழிச்சில் செய்யும் அக்காவிடம் மறுநாள் இதைச் சொன்னேன். அவருக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் தமிழ்தான். முதல் நாள் நான் சேச்சி என்று கூப்பிட்டதற்கு, "அக்கான்னே கூப்பிடு கண்ணு" என்றவர். கர்க்கடகத்தில் அவருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து உடம்பு. கட்டைவிரல் மூட்டு புடைத்திருந்தது.

"உங்களுக்கு யாருக்கா புடிச்சு விடுவாங்க?"

"எம்புள்ளதான். ஞாயித்துக்கெழம கெழம."

இயல்பாகச் சொல்லிவிட்டுத் தைலத்தைச் சூடு பார்த்தார். எனக்குள் ஏதோ இடிந்தது. 48 வயதில் நான் ஒரு நாள்கூட என் அம்மாவின் தோளைப் பிடித்துவிட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. கேட்காமலே தூக்கிக்கொண்டு நிற்பதை அம்மாவிடமிருந்துதான் கற்றிருக்கிறேன். அந்தரத்தில் நின்ற கை எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. அன்று அக்கா என் கையை ஏந்தியபோது அதன் முழுக் கனமும் அவரிடம் போயிற்று. "ம்... இப்பத்தான் குடுத்தே," என்றார். அவ்வளவு கனத்தையா இத்தனை நாள் சுமந்தேன்?

பதினோராம் நாள் விரல் பிடரியைத் தொட்டது. எண்ணெய் செய்ததா, கிழி செய்ததா, மருத்துவர் சொன்னபடி இளகும் காலம் வந்துவிட்டதா, என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. விட்டுவிட்ட பயிற்சிகளையும் அங்கேதான் மறுபடி தொடங்கினேன். இறுகின கையை மற்றவர் கையில் வைத்தபின்தான் வலியோடு பயிற்சி செய்யும் தைரியம் வந்தது. இதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கிளம்பும்போது வைத்தியரிடம் போய் நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சீசா தன்வந்தரம் தைலத்தை எடுத்து வைத்தார். "ரெண்டு குடுங்க," என்றேன்.

நல்லரிக்க நாட்களைப் போடியில் அம்மா வீட்டில் கழித்தேன். விடிவதற்கு முன் ஜீப் ஹாரன் கேட்கும், அம்மா தூக்குவாளியோடு இறங்கிப் போவாள். நான் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார்ந்திருந்தது கசப்புக் கஞ்சியைவிடக் கடினமாக இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வெந்நீர் போட்டு, தைலத்தைக் கிண்ணத்தில் சூடு பண்ணி வைத்தேன். விரலெல்லாம் காய்க்கறையோடு வந்து உட்கார்ந்தாள்.

"கையைக் குடும்மா."

"எதுக்குடி? உனக்கே தோளு சரியில்ல."

"குடும்மா."

நீட்டினாள். மணிக்கட்டையும் முழங்கையையும் ஏந்திக்கொண்டேன். எடையே இல்லை. கை தானாக நின்றுகொண்டிருந்தது.

"நீ தூக்காத. எங்கிட்ட விடு."

"விட்டுட்டேன்ல."

எத்தனை நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. மலைப்பக்கம் சாரல் இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக என் உள்ளங்கையில் கனம் வந்தது.

"போதும் விடு, காலைல ஜீப்பு வெள்ளனவே வந்துரும்," என்றாள் அம்மா. கையை எடுத்துக்கொள்ளவில்லை.