பழைய மடிக்கணினி கற்பித்த பாடம்

ஆசிரியர் ஒருவர் மறைந்தால், அவர் விட்டுச் செல்லும் உடைமைகளுள் விலைமதிப்பற்றவை அவருடைய எழுத்துப் படிகளே ஆகும். ஓலைச்சுவடிக் காலத்து மாணாக்கர் கரையானுக்கு அஞ்சினர். தாளின் காலத்தவர் ஈரத்திற்கும் தீயிற்கும் அஞ்சினர். நம் காலத்து அறிஞர்களின் உழைப்போ கணினியின் உள்ளே உறைகின்றது. அதற்கு நேரக்கூடிய அழிவு யாது என்பதை நாம் அறியாதிருந்தோம். அறிந்துகொண்ட விதத்தையும், அதற்காக நாம் கொடுத்த விலையையும் மாணவச் செல்வங்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகின்றோம்.

எம்.ஃபில். ஆய்வின்போது நமக்கு நெறியாளராக வாய்த்த பேராசிரியப் பெருந்தகை, பணி ஓய்வுக்குப் பின் 2007-ஆம் ஆண்டில் மடிக்கணினி ஒன்றை வாங்கினார். நாள்தோறும் வைகறைத் தொழுகை முடிந்ததும் அதன்முன் அமர்ந்து, ஒரு சொற்கோவையைத் தொகுத்து வந்தார். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து முதலிய இசுலாமியத் தமிழ்ச் சிற்றிலக்கியங்களில் பயிலும் சொற்களும், தமிழ் முஸ்லிம் இல்லங்களில் வழங்கும் பேச்சுச் சொற்களும் அதில் இடம்பெற்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கோப்பு என வகுத்திருந்தார். நூலாக்கும் முன்பே இறைவன் அழைப்பை ஏற்றார். அவர்தம் துணைவியார், நாம் 'மாமி' என்றழைக்கும் அம்மூதாட்டியார், அக்கணினியைத் துணியில் சுற்றி அலமாரியில் பாதுகாத்தார். சென்ற கல்வியாண்டில் துறையின் சார்பில் சொற்கோவையைப் பதிப்பிக்க விரும்பி நாம் சென்றபோது, அதை நம் கையில் கொடுத்தார்.

"ரொம்ப மெதுவாத்தான் தொறக்கும் தம்பி. ஆனா அவங்க எழுதுனது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு" என்றார்.

அவர் கூறியது உண்மையே. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை முழுமை பெற்றிராது. எனவே அக்கணினியைப் புதுப்பித்து, ஆசிரியர் அமர்ந்து எழுதிய அதே பலகையில் அவருடைய பணியை முடிப்பது என உறுதி பூண்டோம். எண்ணம் நல்லதே; அதைச் செயற்படுத்திய வரிசைதான் பிழையாயிற்று.

கணினியின் வேகம் என்றதும் நம் நினைவுக்கு வந்தது நுண்செயலி ஒன்றே. அதனுள் இருந்தது இன்டெல் நிறுவனத்தின் கோர் 2 டுவோ டி7100. 1.8 கிகாஹெர்ட்ஸ் வேகமும் 2 மெகாபைட் இடைநினைவகமும் உடையது. அக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் செயலி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படவில்லை. 478 ஊசிகள் கொண்ட ஒரு பொருத்துவாயில் அமர்ந்திருந்தது. ஒரு திருகாணியைத் திருப்பினால் பிடி தளர்ந்து, செயலியைக் கையால் எடுக்கலாம். 2013-இல் வந்த இன்டெல் நான்காம் தலைமுறைக்குப் பின் இவ்வாய்ப்பு மடிக்கணினிகளில் ஏறத்தாழ இல்லாமற் போயிற்று.

ஆயினும் எந்தச் செயலியையும் எந்தக் கணினியிலும் வைத்துவிட இயலாது. நான்கு பொருத்தங்கள் தேவை. ஊசிகளின் அமைப்பு ஒத்திருத்தல் வேண்டும். தாய்ப்பலகையோடு அது உரையாடும் தடத்தின் வேகம், நம் கணினியில் 800 மெகாஹெர்ட்ஸ், ஒத்திருத்தல் வேண்டும். அது வெளியிடும் வெப்பம் விசிறியின் ஆற்றலுக்குள் அடங்குதல் வேண்டும். இறுதியாக, கணினியின் தொடக்க நிரலாகிய பயாஸ் அச்செயலியை அடையாளம் காணுதல் வேண்டும். இந்நான்கும் பொருந்திய டி9300 என்ற செயலியை, 2.5 கிகாஹெர்ட்ஸும் 6 மெகாபைட் இடைநினைவகமும் கொண்டதை, சென்னை ரிச்சித் தெருவில் பழைய பொருளாக வாங்கி அனுப்புமாறு நண்பரிடம் வேண்டினோம். பழையதும் புதியதும் 35 வாட் வெப்ப அளவிற்குரியனவே என்பதைப் படித்தறிந்து பெருமிதமும் கொண்டோம்.

பழுதுபார்க்கும் கடை நடத்தும் இளைஞர் நம் கல்லூரியின் பழைய மாணவர். கணினியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி செயலியைப் பற்றியது அன்று.

"சார், உள்ளே இருக்குறதுக்கு வேற காப்பி இருக்கா?"

"இல்லை தம்பி, செயலி வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிடலாம்" என்றோம்.

செயலி வந்து சேர மூன்று வாரங்களாயின. அந்த மூன்று வாரமும் நாம் வாளா இருந்தோமில்லை. துறைக்கு வந்தவர்க்கெல்லாம் கணினியைத் திறந்து காட்டினோம். ஆசிரியரின் சொற்கோவையைப் படித்துக் காட்டி மகிழ்ந்தோம். ஒரு விரலளவுச் சேமிப்பானில் அவற்றைப் படியெடுக்க அரைமணி நேரம் போதும், அதைச் செய்தோமில்லை. ஒருநாள் முற்பகலில் கணினியின் உள்ளிருந்து கடிகாரம் போல் 'டிக், டிக்' என்றோர் ஒலி எழுந்தது. திரை எழவில்லை.

பழுதானது செயலி அன்று, வன்தட்டு. அதன் அமைப்பைப் பின்னரே நாம் விளங்கிக் கொண்டோம். வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கின்றது. அதன்மேல், தட்டைத் தொடாமல், மயிரிழையினும் மிகக் குறைந்த உயரத்தில் ஒரு நுண்ணிய தலை மிதந்து எழுத்துகளைப் படிக்கின்றது. 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் இருந்தன; கொள்ளளவோ ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே. அளவு சுருங்கிற்று, கொள்ளளவு பெருகிற்று, சுழற்சி மட்டும் மாறவில்லை. சுழல்வது தேயும். அந்த ஒலி, படிக்கும் தலை தன் இடத்தைக் காணாது மீண்டும் மீண்டும் தேடி மீள்வதன் அடையாளமாம்.

கணினி மெதுவாக இருந்ததற்கும் அதுவே காரணம் என்று இளைஞர் விளக்கினார். தட்டு ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 11 மில்லி நொடி ஆகின்றது. வேண்டிய இடம் தலைக்குக் கீழ் வந்து சேரச் சராசரியாக அதிற்பாதி. தலை நகரும் நேரம் தனி. கணினி திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடவேண்டியிருத்தலால் காத்திருப்புப் பெருகுகின்றது. செயலி எத்துணை விரைவுடையதாயினும் தட்டு தரும்வரை கைகட்டி நிற்கவேண்டியதே. சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகமோ ஒரு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே விடை தந்துவிடுகின்றது. நாம் முதலில் மாற்றியிருக்க வேண்டியது எது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

அவர் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தார். 'டிடிரெஸ்க்யூ' என்னும் நிரல் நலமுள்ள பகுதிகளை முதலில் படியெடுத்துக்கொண்டு, பழுதுற்ற பகுதிகளுக்குப் பின்னரே திரும்பி வந்து மெல்ல முயலும் இயல்பினது. இரண்டு இரவுகள் அது ஓடிற்று. மூன்றாம் நாள் காலையில் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். மற்றெல்லாக் கோப்புகளும் கிடைத்தன. 'ம' என்னும் எழுத்துக்குரிய கோப்பு பாதிதான் கிடைத்தது. 'மசலா' இருந்தது, 'மாமி' இருந்தது. 'முனாஜாத்து' முதல் 'மையித்து', 'மோதினார்', 'மௌலூது' வரை ஒன்றும் இல்லை.

புதிய எஸ்.எஸ்.டி. பொருத்தப்பெற்றது. நுண்செயலியும் மாற்றப்பெற்றது. பழைய வெப்பப் பசையைத் துடைத்துப் புதியது இட்டு, விசிறியின் தூசியையும் நீக்கினார். பழைய இயங்குதளமாகிய விண்டோஸ் எக்ஸ்பி-க்கு 2014-ஆம் ஆண்டிலேயே பாதுகாப்பு இற்றைப்படுத்தல் நின்றுவிட்டமையால் லினக்ஸ் நிறுவினார். கணினி ஒரு நிமிடத்திற்குள் எழுந்து நின்றது. உண்மையைக் கூறின், எஸ்.எஸ்.டி. தந்த மாற்றத்தோடு ஒப்பிட, நாம் மூன்று வாரம் காத்திருந்து வாங்கிய செயலி தந்த மாற்றம், எழுதுவோர் உணரும் அளவினதாக இல்லை.

கோப்புகளைத் திறந்தபோது மற்றுமொரு தடை எழுந்தது. தமிழெழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற உரோமன் எழுத்துகளே தோன்றின. தமிழ் 1991-இலேயே யூனிகோடு தரத்தில் இடம்பெற்றிருப்பினும், ஆசிரியர் தம் பழக்கத்தின்படி பழைய எழுத்துரு ஒன்றிலேயே தட்டச்சு செய்திருந்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அவை தமிழல்ல. மீட்ட படியிலிருந்தே அவ்வெழுத்துருவையும் தேடியெடுத்து, மாணவர் துணையோடு யூனிகோடுக்கு மாற்றி, வரிவரியாக ஒப்புநோக்கினோம்.

எல்லாவற்றினும் அரிதாயிருந்தது மாமியிடம் செய்தி சொல்வதே. விரைந்து இயங்கும் கணினியை அவர்முன் வைத்துவிட்டு, நிகழ்ந்ததை மறையாது கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்தார்.

"நான் தூசி படாம தொடச்சு வச்சேன் தம்பி. வேற எடத்துலயும் எழுதி வைக்கணும்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமே" என்றார்.

அச்சொல்லில் சினம் இல்லை; ஆகையினால்தான் அது இன்றும் சுடுகின்றது. தலைகுனிந்து இருந்த நம்மைப் பார்த்து, சற்றுப் பொறுத்து அவரே தொடர்ந்தார்: "அடுப்படியில நான் பேசுறதக் கேட்டுட்டு வந்து, 'இதுக்கு என்ன அர்த்தம்'னு கேட்டு எழுதிக்குவாங்க. பாதிச் சொல்லு நான் சொன்னதுதான். சொல்றேன், எழுதிக்குங்க."

அதுமுதல் வெள்ளிதோறும் பிற்பகலில் நம் துறை மாணவியர் இருவர் மாமியின் இல்லம் சென்று எழுதி வருகின்றனர். நூற்சொற்களுக்கு மூலநூல்களை மீண்டும் புரட்டுகின்றோம். 'ம' மெல்ல நிறைகின்றது. எனினும் ஆசிரியர் எழுதிய விளக்கம் அதுவன்று. அவர் எந்த நூலை எவ்விடத்தில் மேற்கோள் காட்டியிருந்தார் என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

பழைய கணினியைப் புதுப்பிக்க விழையும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. முதலில் படியெடுங்கள், பின்னர் வன்தட்டை மாற்றுங்கள், செயலியைப் பற்றிய எண்ணம் அதற்கும் பின்னரே வரட்டும். எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதென்று அமைதி கொள்ளவும் வேண்டா. வன்தட்டு ஒலியெழுப்பியேனும் எச்சரித்தது. இதுவோ ஓசையின்றியே ஓய்ந்துவிடக் கூடும். ஆகவே சொற்கோவையை இப்போது மூன்று இடங்களில் வைத்துள்ளோம்: அக்கணினியில் ஒன்று, துறையின் புறவன்தட்டில் ஒன்று, நூலகத்தில் தாளில் அச்சிட்ட படி ஒன்று.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. தங்கள் இல்லத்து அலமாரிகளில் தந்தையோ பாட்டனாரோ எழுதிய கணக்கேடுகள், பாடல்கள், கடிதங்கள், பழைய கணினிகள் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கலாம். அவற்றை நம் துறைக்குக் கொணர்ந்து தாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். முதலில் படியெடுப்போம், பெருமை பேசுவது அதன் பின்னரே. அவ்வரிசையை இனி நாம் மறவோம்.