தலைநகரம் போன பிறகு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால், சற்று நேரத்தில் கருங்கல் கோட்டைச் சுவர் வந்துவிடும். உள்ளே பத்மநாபபுரம். பழைய பெயர் கல்குளம். திருவிதாங்கூரின் தலைநகரமாக இருந்த ஊரில் இப்போது ஓட்டு வீடுகளும் பெட்டிக்கடைகளும் நீலகண்டசுவாமி கோயிலும்தான். கூடவே பழைய அரண்மனை. ஊர்க்காரர்கள் அதை அரண்மனை என்று சொல்வதில்லை, கொட்டாரம்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டாரத்துக்குள் நுழைய வேண்டும். அதனால் முதலில் பார்ப்பது கால்தான். சுட்ட சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கலந்து தேய்த்த கருந்தரை, வெளியே வெயில் கொளுத்தும்போதும் சில்லென்று இருக்கிறது. வாசல் மண்டபமான பூமுகத்தில் தலையை நிமிர்த்தினால் மரக்கூரையில் செதுக்கிய 90 பூக்கள். ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. மேலே ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலை. ஜன்னலில் பதித்த மைக்காத் தகடுகள் வெளிச்சத்தை வடிகட்டி அனுப்புகின்றன. ஊட்டுப்புரையின் இரண்டு தளங்களிலும் சேர்த்து 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். இவ்வளவுக்கும் எங்கும் தங்கப்பூச்சு இல்லை. மரமும் ஓடும் சுண்ணாம்பும், அவற்றை அறிந்த தச்சர்களின் கையும்தான்.

வளாகத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் பலர் போவதில்லை. "அங்க கல்லுதான் கெடக்கு" என்றார் ஆட்டோக்காரர். உண்மைதான், கல்வெட்டுகள், கற்சிலைகள், மரச்சிற்பங்கள், நாணயங்கள். ஆனால் ஆள் உருவத்துக்கு அளவெடுத்து வளைத்த ஓர் இரும்புக் கூண்டும் அங்கே இருக்கிறது. குற்றவாளியை உயிரோடு அதில் அடைத்துத் தொங்கவிடுவார்களாம். கொட்டாரத்தில் கண்டது ராஜாவின் ரசனை என்றால், இது ராஜாவின் அதிகாரம். பூக்கூரையை அண்ணாந்து பார்த்தவர்கள் இதையும் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் கட்டியது இந்தக் கொட்டாரம் என்கிறார்கள். இன்று காணும் உருவத்தில் பெரும்பங்கு பின்னால் வந்த மன்னர் மார்த்தாண்ட வர்மாவுடையது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர் அவர்தான். அங்கே சிறைபிடித்த டச்சுத் தளபதி டிலனாயையே தன் படைக்குப் பயிற்சி தர வைத்தார். அந்த டிலனாயின் கல்லறை பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதன் மேல் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள்.

1795-இல் தலைநகரம் திருவனந்தபுரம் போயிற்று. இழப்புதான், ஆனால் ராஜாக்கள் இங்கேயே தொடர்ந்திருந்தால் இந்த மரக்கூரைகளை இடித்து, வெள்ளைக்காரப் பாணியில் தூண்கள் எழுப்பியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. புது நாகரிகம் புதுத் தலைநகருக்குப் போனதில் கொட்டாரம் பிழைத்தது.

1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோதும் கொட்டாரம் கேரள அரசின் பொறுப்பிலேயே தங்கியது. மண் இங்கே, சாவி அங்கே. அதனால் சண்டையொன்றும் இல்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் இங்குள்ள தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுகிறார்கள். மன்னரின் உடைவாள் கைமாறும். இரு மாநிலக் காவலர்களும் மரியாதை செலுத்துவார்கள். தலைநகரம் போய்விட்டாலும் விழாவுக்குச் சாமி இங்கிருந்துதான் போக வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போனால், கல் கிடக்கும் அறையையும் விட்டுவிடாதீர்கள்.