நல்லா இருக்கேன்னு எழுதாத ஒரு கடிதம்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எல்கேஜியிலிருந்து நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எனக்கு பன்னிரண்டாவது வரைக்கும் ஒரு பாடம், அதுக்கப்புறம் வாட்ஸ்அப்பில் தங்கிலீஷ், அவ்வளவுதான். இந்த இதழ்க் குழுவில் இருக்கிற என் ரூம்மேட் "ஃபைனல் இயர் வந்துடுச்சு, ஒரு தடவையாவது எழுதுடி"ன்னு மூணு மாசமா நச்சரிச்சதால எழுதறேன். ஒற்றுப்பிழை இருந்தா அவகிட்ட கேளுங்க.

விஷயம் ஆரம்பிச்சது ஜிஆர்இ-யில். எங்க செட்ல பாதிப் பேர் மாதிரி நானும் அமெரிக்காவுல எம்எஸ் பண்ணணும்னு முடிவு பண்ணி, ஹாஸ்டல் ரீடிங் ரூம்ல உட்கார்ந்து பிராக்டிஸ் டெஸ்ட் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு பத்தி ஜேம்ஸ்டவுன் பற்றி வந்தது. அமெரிக்காவில் ஆங்கிலேயர்களின் முதல் நிரந்தரக் குடியேற்றம். நாலு கேள்வி, மூணு தப்பு. ஏன் தப்புன்னா, பத்தியில் இருந்ததைப் படிக்காம என் மண்டையில் இருந்ததை வெச்சு டிக் பண்ணிட்டேன். ஆங்கிலேயர் வந்தாங்க, துப்பாக்கி வெச்சிருந்தாங்க, ஜெயிச்சாங்க. எனக்குத் தெரிஞ்ச அமெரிக்க வரலாறு 1492 கொலம்பஸ், அடுத்தது நேரா ஜார்ஜ் வாஷிங்டன். நடுவுல கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் காலி.

கடுப்புல தேட ஆரம்பிச்சேன். அன்னைக்கு ராத்திரி மெஸ் மூடுற வரைக்கும் எழுந்திரிக்கலை. ஏன்னா அது வரலாறு மாதிரியே இல்லை, நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மாதிரி இருந்தது.

1606-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் ஜேம்ஸ், வர்ஜீனியா கம்பெனின்னு ஒரு கம்பெனிக்கு அனுமதி கொடுக்கிறார். ராஜா காசு போடலை. லண்டன் வியாபாரிகள் ஷேர் வாங்கிப் போட்ட காசு அது. தங்கம் கிடைக்கணும், இல்லைன்னா ஆசியாவுக்கு ஒரு குறுக்கு வழியாவது கிடைக்கணும், லாபம் வரணும். டிசம்பரில் மூணு கப்பல் கிளம்புது: சூசன் கான்ஸ்டன்ட், காட்ஸ்பீட், டிஸ்கவரி. குடியேறப் போனவர்கள் 104 பேர், எல்லாரும் ஆண்களும் பையன்களும்தான். யார் தலைமை என்பது கப்பலில் யாருக்கும் தெரியாது. கம்பெனி பேர்களை எழுதி ஒரு பெட்டியில் சீல் வெச்சு, போய்ச் சேர்ந்த பிறகுதான் திறக்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தது. கடலில் நாலு மாசம். அந்த நாலு மாசமும் சண்டை. ஜான் ஸ்மித்ங்கிறவர் கலகம் பண்றார்னு சொல்லி அவரைக் கைது பண்ணி வெச்சுட்டாங்க. கரைக்கு வந்து பெட்டியைத் திறந்தா, தலைமைக் குழுவில் அவர் பேரும் இருக்கு. நம்ம கைடு ப்ராஜெக்ட் டீம் லிஸ்ட் போட்ட கதைதான்.

1607 மே மாசம், ஜேம்ஸ் ஆத்துக்குள்ள தண்ணியோட ஒட்டி இருந்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. சிவில் பசங்க இதைக் கவனிங்க. தாழ்வான, ஈரமான இடத்தில் ஊர் கட்டாதீங்கன்னு கம்பெனி எழுதியே கொடுத்திருந்தது. அவங்க தேர்ந்தெடுத்தது சதுப்பு நிலம். காரணம், கரை ஓரமே ஆழம் அதிகம், கப்பலைக் கொண்டுவந்து மரத்திலேயே கட்டிடலாம். ஸ்பெயின்காரன் வந்தா எதிர்க்கவும் வசதி. ஒரு வசதிக்காக மத்த எல்லாத்தையும் விட்டுட்டாங்க. குடிக்கத் தண்ணி? ஆத்துத் தண்ணிதான், அதுவும் கோடையில் உப்பு ஏறிய தண்ணி. வயித்துப்போக்கு, காய்ச்சல். அடுத்த ஜனவரியில் உயிரோட இருந்தது 38 பேர்.

இன்னொரு விஷயம் அவங்களுக்கே தெரியாது. 1998-ல் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பகுதியின் பழைய சைப்ரஸ் மரங்களின் வளையங்களை அளந்து பார்த்தாங்க. மழை நல்லா பெய்த வருஷம் வளையம் தடிமனா இருக்கும், பெய்யாத வருஷம் மெலிசா இருக்கும். 1606-லிருந்து 1612 வரை, 770 வருஷத்திலேயே மோசமான ஏழு வருஷ வறட்சி. ஆத்துல நல்ல தண்ணி குறைஞ்சதால கடல் தண்ணி மேல ஏறியிருக்கு. அதுக்கு இருபது வருஷம் முன்னாடி ரோனோக் தீவில் ஆங்கிலேயர் விட்டுட்டுப் போய் காணாமப் போன குடியேற்றம் இருக்கே, அதுவும் இதே மாதிரி ஒரு கொடும் வறட்சியில்தான். ஹைட்ராலஜி பேப்பர்ல எனக்கு ஜஸ்ட் பாஸ். மரத்துக்கிட்ட இவ்வளவு டேட்டா இருக்குன்னு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தா நல்ல மார்க் வாங்கியிருப்பேன்.

ஆனா அந்த இடம் காலி மனை இல்லை. பவ்ஹாட்டன் என்ற தலைவரின் கீழ் முப்பது குழுக்கள், பதினாலாயிரம் பேருக்குக் குறையாம அங்கே வாழ்ந்தாங்க. முதல் வருஷம் இந்த ஆங்கிலேயர் பட்டினியில் கிடந்தப்போ சோளம் கொண்டுவந்து கொடுத்தது அவங்கதான். ஜேம்ஸ்டவுன் இருந்த நிலம் அவர்களில் பாஸ்பஹெக் என்ற மக்களுடையது. 1610-ல் ஆங்கிலேயர் அவங்க ஊரை எரிச்சாங்க, அவங்க தலைவரின் மனைவியையும் குழந்தைகளையும் கொன்னாங்க. இதைப் படிச்சதும் லேப்டாப்பை மூடிட்டேன். அதுவரைக்கும் பாவம்னு நினைச்சுக்கிட்டு இருந்தவங்க மேல என்ன நினைக்கிறதுன்னே தெரியலை. பசியில் இருந்தவங்களும் அவங்கதான், இதைச் செஞ்சவங்களும் அவங்கதான்.

1609-10 குளிர்காலத்துக்குப் பேரே 'பட்டினிக் காலம்'. கோட்டைக்குள்ள கிட்டத்தட்ட 300 பேர், வசந்தம் வந்தப்போ மிச்சம் 60 பேர். குதிரை, நாய், எலி, ஷூ தோல் எல்லாம் தின்னாங்க. 2012-ல் அங்கே தோண்டினப்போ பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தியோட மண்டை ஓடு கிடைச்சது. அதில் இருந்த வெட்டுத் தடங்களை வெச்சு, அவ செத்த பிறகு அவளையும் சாப்பிட்டிருக்காங்கன்னு நிபுணர்கள் அடுத்த வருஷம் அறிவிச்சாங்க. 1610 ஜூனில் மிச்சம் இருந்தவங்க ஊரைக் காலி பண்ணிட்டுக் கிளம்பியே விட்டாங்க. ஆத்திலேயே எதிரில் வந்த கப்பல்கள் அவங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்தது. அந்தக் கப்பல்கள் சில நாள் தாமதமாகியிருந்தா ஜேம்ஸ்டவுனும் ரோனோக் மாதிரிதான்.

கடைசியில் காப்பாத்தினது தங்கம் இல்லை, புகையிலை. ஜான் ரோல்ஃப் கரீபியன் பக்கத்து விதையைக் கொண்டுவந்து போட்டார், லண்டன் வாங்கிக்கிச்சு. புகையிலைக்கு ஆள் வேணும். 1619-ல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் கொண்டுவந்து வித்தாங்க, அதோட தொடர்ச்சி என்னன்னு எல்லாருக்கும் தெரியும். இங்கிலாந்திலிருந்து ஏழைப் பசங்களைக் கொண்டுவர வேற ஒரு முறை இருந்தது. கப்பல் டிக்கெட்டுக்குக் காசு இல்லையா, பரவாயில்லை, கையெழுத்துப் போடு, நாலுலேர்ந்து ஏழு வருஷம் சம்பளம் இல்லாம வேலை பார்த்துக் கழிச்சுடு. அதுக்கு 'இன்டென்சர்'னு பேர். ஒரே தாளில் ஒப்பந்தத்தை ரெண்டு தடவை எழுதி, நடுவுல பல் பல்லா வெட்டி, ஆளுக்குப் பாதி வெச்சுப்பாங்க. ரெண்டு பாதியும் பொருந்தினா ஒரிஜினல்.

அந்தப் பசங்களில் ஒருத்தன் ரிச்சர்ட் ஃபிரெத்தோர்ன். 1623-ல் வர்ஜீனியாவிலிருந்து அம்மா அப்பாவுக்கு அவன் எழுதின கடிதம் கம்பெனி ஆவணங்களோட இன்னைக்கும் இருக்கு. கப்பலை விட்டு இறங்கினதிலிருந்து பட்டாணியும் தண்ணிக் கஞ்சியும்தான். மானைக் கண்ணாலகூடப் பார்க்கலை. மேலங்கியைக் கூட இருந்தவனே திருடிட்டான். எப்போ தாக்குதல் வரும்னு தினமும் பயம். என்னை மீட்டுக்குங்க, முடியலைன்னா கொஞ்சம் மாட்டிறைச்சி, சீஸ், வெண்ணெய் அனுப்புங்க, அதை இங்கே வித்து உங்க காசைத் திருப்பி அனுப்பிடறேன். இதுதான் கடிதத்தின் சாரம். அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு முடியலை. பசியில் சாகக் கிடக்கிறவன், அப்பாவுக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு கணக்குப் போடறான்.

ஏன் முடியலைன்னு சொல்றேன். என் அப்பா கரூரில் பஸ் பாடி கட்டுற பட்டறையில் வெல்டர். எம்எஸ்-க்கு நான் போட்ட கணக்கு 40 லட்சம். பேங்க் கடனுக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கணும். அந்த வீடு தாத்தா கட்டினது, எங்களுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான். கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சிக்குப் போனோம். பளபளன்னு ஒரு ப்ரோஷர், பனியில் சிரிச்சுக்கிட்டு நாலு பேர். "ஒரே வருஷத்துல கடனை அடைச்சுடலாம் சார்"னு அப்பாகிட்ட சொன்னாங்க. அப்பா அந்த ப்ரோஷரை மடிக்காம பையில் வெச்சு எடுத்துட்டு வந்தார். வர்ஜீனியா கம்பெனியும் 1609-ல் லண்டனில் 'நோவா பிரிட்டானியா'ன்னு ஒரு விளம்பரப் புத்தகம் போட்டது. நல்ல காத்து, வளமான மண்ணு, போனவன் பிழைச்சான்னு. அது வந்த வருஷக் கடைசியில்தான் பட்டினிக் காலம்.

என் பெரியம்மா பையன், நான் அண்ணான்னு கூப்பிடறவர், ரெண்டு வருஷம் முன்னாடி போனார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஏரி, பனி, கார் போட்டோ எல்லாம் வரும். பெரியம்மா எப்போ கேட்டாலும் "நல்லா இருக்கேன்மா". கடிதம் படிச்ச அடுத்த வாரம் அவருக்குப் போன் பண்ணி நேராவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார். படிச்சு முடிச்சு ஏழு மாசமாச்சு, வேலை கிடைக்கலை. ஆறு பேர் ஒரு வீட்டில். போட்டோவில் இருக்கிற கார் ரூம்மேட்டோடது. "அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா, அவங்க தூங்க மாட்டாங்க."

தெளிவா சொல்லிடறேன், நாங்க ஃபிரெத்தோர்ன் இல்லை. எங்களை யாரும் வாங்கலை, பிடிக்கலைன்னா டிக்கெட் எடுத்துத் திரும்பி வரலாம். வந்து சேர்ந்தவனுக்கும் அங்கே இருந்தவனுக்கும் நடந்ததை எங்க கடனோட ஒப்பிட்டா அது அநியாயம். ஆனா ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கிட்டே இருந்தது. நானூறு வருஷம் முன்னாடி, கடிதம் போய்ச் சேரவே மாசக்கணக்கு ஆகும்னு தெரிஞ்சும் ஒரு பையன் அப்பாவுக்கு உண்மையை எழுதினான். நம்ம கையில் வீடியோ கால் இருக்கு, "நல்லா இருக்கேன்"னு சொல்றோம்.

இதுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். வர்ஜீனியா கம்பெனியை லண்டனில் நடத்தின சர் தாமஸ் ஸ்மித்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னர். ஒரே ஆளு, ரெண்டு பக்கமும் கப்பல் விட்டவர். 1635-ஆம் வருஷ வர்ஜீனியா நில ஆவணம் ஒண்ணில், ஒரு தோட்டக்காரர் கூட்டி வந்தவங்க பட்டியலில் ஒரு பேர் இருக்கு: 'டோனி, கிழக்கிந்தியன்'. ஊர் இல்லை, அப்பா பேர் இல்லை. ஆளுக்கு ஐம்பது ஏக்கர்னு கணக்கு, அதனால அந்தப் பேரும் ஒரு ஐம்பது ஏக்கர். சென்னையில் கோட்டை கட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நம்ம பக்கத்து மனுஷன் ஒருத்தர் அங்கே போயிருக்கார். அவர் வீட்டுக்கு எந்தக் கடிதமும் வந்திருக்காது.

தீபாவளி லீவில் அப்பாகிட்ட உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். 40 லட்சத்துக்கு மாசம் எவ்வளவு கட்டணும், வேலை கிடைக்கலைன்னா என்ன ஆகும், பத்திரம் என்ன ஆகும், எல்லாத்தையும் நோட்டில் எழுதிக் காட்டினேன். அண்ணா பேரைச் சொல்லாம, கடிதம் எழுதின பையன் கதையையும் சொன்னேன். அப்பா வெல்டிங் வெளிச்சத்தில் பழகின கண்ணைச் சுருக்கி நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"கண்ணு, பேஸ் சரியில்லாத எடத்துல நாங்க வெல்டு வைக்க மாட்டோம். துருவைச் சுரண்டிட்டுத்தான் வைப்போம். அதுக்கு நேரம் ஆவுதுன்னா ஆவட்டும்."

"அப்ப போக வேண்டாங்கிறீங்களாப்பா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? போ. ஆனா எப்பன்னு நீ சொல்லு. போனதுக்கப்புறம் கஞ்சிதான் குடிக்கிறேன்னா கஞ்சின்னு சொல்லணும். அந்தப் பையன் சொன்ன மாதிரி."

கேம்பஸில் ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் கம்பெனியில் எனக்கு ஆஃபர் இருக்கு, சம்பளம் பெருசா ஒண்ணுமில்லை. ரெண்டு வருஷம் அங்கே வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, பத்திரம் வைக்காம எவ்வளவு கடன் வாங்க முடியுமோ அவ்வளவுக்குள்ள கிடைக்கிற காலேஜ். இப்போதைக்கு இதுதான் பிளான். இதுவும் தப்பாப் போகலாம். செட்ல ரெண்டு பேர் "பயந்துட்டியா"ன்னு கேட்டாங்க. ஆமாம், கொஞ்சம் பயம்தான். சைட்டைப் பார்க்காம அஸ்திவாரம் போடக் கூடாதுன்னு நாலு வருஷமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்களே.

போன வாரம் அண்ணா பெரியம்மாகிட்ட சொல்லிட்டார். பெரியம்மா அன்னைக்கு ராத்திரி தூங்கலைதான். மறுநாள் காலையில் போன் பண்ணி, "வேலை கிடைக்கிற வரைக்கும் வட்டியை நாங்க பார்த்துக்கறோம், நீ ஒழுங்கா சாப்பிடு"ன்னு சொன்னாங்களாம்.

ஜிஆர்இ-யை இன்னும் எழுதலை. எழுதும்போது ஜேம்ஸ்டவுன் பத்தி வந்தா, நாலுக்கு நாலு.